விருந்தாளியா, வீட்டுப் பிள்ளையா?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

விடுமுறை! இந்த ஒரு சொல்லைக் கேட்டதும் துள்ளாத உள்ளம் எந்த மாணவிக்குத்தான் உண்டு? கடைசித் தேர்வின் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது நம் பள்ளி வேப்பமரம்கூட நம்மோடு சேர்ந்து சிரிப்பதுபோலத் தோன்றும். அந்த விடுமுறைக்காகக் கடல் தாண்டி, விமானம் ஏறி, சொந்த ஊருக்கு வருகிறோம் என்றால் அந்த மகிழ்ச்சியைக் கூறவும் வேண்டுமோ? அந்த மகிழ்ச்சியைப் பல முறை அனுபவித்தவள் நான். ஆனால் என் மகிழ்ச்சிக்கு வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. தெரிந்தபின் என் மனத்தில் எழுந்த கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் இன்று நம் ஊரில் அரிது. ஆகவே இது என் ஒருத்தியின் கதை மட்டும் அன்று.

என் தந்தையார் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பணியாற்றினார். 2015 ஆம் ஆண்டு, எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, நானும் அம்மாவும் அங்கே சென்றோம். 2023 இல் குடும்பத்துடன் திரும்பி வந்து, செங்கற்பட்டில் வீடு எடுத்துக்கொண்டோம். நான் இப்பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். இடைப்பட்ட ஆண்டுகளில் ஜூன் மாதத்திலோ டிசம்பர் மாதத்திலோ விடுமுறைக்கு வருவோம். வந்து தங்குவது, மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தில் என் தந்தையைப் பெற்ற ஆயாவின் வீட்டில். ஆகவே விடுமுறைக்கு வந்தவளும் நான்தான். இப்போது விடுமுறைக்கு வருபவர்களை வாசலில் நின்று வரவேற்பவளும் நான்தான். இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற ஒரே தகுதியில்தான் பேசத் துணிகிறேன்.

கடல் கடந்து செல்வது நம் கடற்கரைக்குப் புதிதன்று. மாமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டில் ஆண்டபோது மாமல்லபுரம் பல்லவ நாட்டின் துறைமுகம். இங்கிருந்து கிழக்கு நாடுகளுக்குக் கப்பல்கள் சென்றன. தாய்லாந்து நாட்டின் தென்பகுதியில் தகுவா பா என்னும் இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்துள்ளது. ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்பர். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அங்கே ஒரு குளம் வெட்டப்பட்டது என்பதும், அதன் பெயர் அவனிநாரணம் என்பதும், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலியோரின் பாதுகாப்பில் அது விடப்பட்டது என்பதும்தான்! பொருள் தேடிப் போன இடத்தில் நம் முன்னோர் குளம் ஒன்றை விட்டு வந்திருக்கிறார்கள். இதை நம் வரலாற்று ஆசிரியை கூறியபோது நான் வெட்கத்தால் தலைகுனிந்தேன். போன ஊருக்கு அவர்கள் அவ்வளவு செய்தார்கள். பிறந்த ஊருக்கு வந்தபோது நான் என்ன செய்தேன்?

பின்னர் வந்த காலத்தில் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், இலங்கையின் தேயிலை மலைகளுக்கும், பர்மாவுக்கும் சென்றார்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' என்ற கப்பல் 1973 வரை ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் 1985 வரை ஓடியது. பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பலரால் ஊர் பார்க்க முடிந்தது. பர்மாவில் 1962 இல் இராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபின் திரும்பி வந்த தமிழர்களையும், 1964 ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனையோ பேர் அங்கேயே பிறந்தவர்கள். 'ஊருக்குப் போகிறோம்' என்று அவர்கள் வந்த ஊரில் அவர்களை அறிந்தவர் யாரும் இல்லை. அவர்கள் கையில் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டும் இல்லை.

நமக்கோ சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேர விமானப் பயணம். விமான நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வந்தால், இரவு உணவுக்கு ஆயா வீட்டில் இருக்கலாம். நேரம் குறைந்துவிட்டது. ஆனால் தூரம் குறைந்ததா? அதுதான் என் கேள்வி.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

2017 ஆம் ஆண்டு ஜூன் மாதம். எனக்கு ஏழு வயது. வண்டியிலிருந்து இறங்கி ஆயா வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தேன். பழைய வலையை விரித்து, அதன்மேல் நெத்திலியும் காரப்பொடியும் உலரப் போட்டிருந்தார் ஆயா. கருவாட்டு வாசனை! நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, நாறுது! இதையெல்லாமா சாப்பிடறீங்க?" என்று உரக்கக் கேட்டேன். கூடியிருந்த உறவினர்கள் சிரித்தார்கள். ஆயாவும் சிரித்தார். அம்மா மட்டும் என் கையைக் கிள்ளினார். அத்துடன் அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு வந்தபோது முற்றம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. ஒரு மீன் செதில்கூட இல்லை. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. 'ஆயா வீடு இப்போது சுத்தமாகிவிட்டது' என்று நானே அப்பாவிடம் பெருமையாகக் கூறினேன். 2020 இலும் 2021 இலும் கொரோனா காரணமாக வர இயலவில்லை. 2022 டிசம்பரில் வந்தபோதும் முற்றம் சுத்தமாகவே இருந்தது.

2023 இல் இங்கேயே வந்துவிட்டோம் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஏறி ஆயாவைப் பார்க்கப் போனோம். முற்றம் முழுவதும் கருவாடு! ஆயா வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்பத்திலேருந்து ஆயா மறுபடியும் போடறீங்க?" என்று கேட்டேன்.

"எப்பத்திலேருந்தா? நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்துதான் போடறேன். நீங்க வர்ற மாசத்துல மட்டும் போட மாட்டேன் கண்ணு. உனக்குத்தான் ஒத்துக்காதே" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. பேத்திக்குச் செய்யும் உபசாரமாகவே சொன்னார். ஆனால் கருவாடுதான் ஆயாவின் கைக்காசு. அப்பா அனுப்பிய பணத்தில் வீட்டுக்குச் சுவர் எழும்பியது உண்மை. தளம் போட்டது உண்மை. ஆனால் வெற்றிலை பாக்குக்கும், திருவிழாவுக்கும், எங்களுக்கு ஆசையாய் வாங்கித் தரும் தின்பண்டத்துக்கும் அவர் யாரையும் கேட்டதில்லை. அந்தக் கைக்காசை, நான் வந்த மூன்று விடுமுறைகளிலும் அவர் இழந்திருக்கிறார். ஒரு கைக்குட்டை செய்த வேலையைப் பார்த்தீர்களா?

என் தாத்தாவைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். 2019 இல் அவர் என்னிடம், "விடியக்காலையில என்கூட கரைக்கு வா, வலை இழுக்கறதைக் காட்டறேன்" என்று தினமும் அழைத்தார். நான் தினமும் "நாளைக்கு" என்றேன். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வருமுன் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியதும், அதுவரை காணாத பாறைகள் தெரிந்ததும் நூல்களில் உள்ளன. அலை மணலை அரித்துச் சென்றபின் சிங்கம் முதலிய சிற்பங்கள் வெளிப்பட்டன. தொல்பொருள் துறையினர் வந்து ஆராய்ந்தனர். தாத்தா அதைக் கண்ணால் கண்டவர். அவர் அதைச் சொல்லத் தொடங்கியபோது நான் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தேன். பாதிதான் காதில் விழுந்தது. 2021 இல் தாத்தா இறந்தபோது எங்களால் வர இயலவில்லை. கைப்பேசித் திரையில்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். மீதிப் பாதியை இனி யாரிடம் கேட்பேன்?

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கிற்று. 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பார்கள் நம் பெரியோர். விருந்தாளியை யாரும் வேலை வாங்குவதில்லை. நல்ல பாயும் நல்ல தட்டும் கொடுத்து உட்கார வைப்பார்கள். வீட்டின் குறைகளை அவர் கண்ணில் படாமல் மறைப்பார்கள். வீட்டுப் பிள்ளைக்கோ, வந்ததும் வராததுமாக, "அந்தக் குடத்தை எடு", "அம்மிக்கல்லை அலம்பு" என்று வேலை காத்திருக்கும். வேலை கொடுப்பதுதான் உரிமை கொடுப்பது. நான் ஆயா வீட்டுக்கு எத்தனையோ முறை வந்தேன்; ஒரு முறைகூட வீட்டுப் பிள்ளையாக வரவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: விடுமுறைக்கு ஊர் வருபவர்கள் அந்த வீட்டின் வேலை ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும்; வீட்டில் இருப்பவர்களும் அதைக் கொடுக்கத் தயங்கக்கூடாது.

"வருவதே ஒரு மாதம். அதிலும் பிள்ளைகளை வேலை வாங்குவதா? ஓய்வெடுக்கட்டும்" என்று சில பெற்றோர் கேட்கலாம். வெயில் பழக்கம் இல்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்பதும் உண்மையே. காய்ச்சின தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. நான் கேட்பது நாள் முழுவதும் உழைப்பதை அன்று. ஒரே ஒரு வேலை. நம்மை எதிர்பார்த்து அந்த வீட்டில் ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"அங்கே எவ்வளவு சுத்தம்! இங்கே ஏன் இப்படி?" என்று கேட்பவர்களும் உண்டு. நானும் கேட்டவள்தான். ஒப்பிடுவது தவறு என்று நான் கூறமாட்டேன். நல்லதை எங்கே கண்டாலும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் முழுமையாகக் கற்க வேண்டும். சிங்கப்பூர் சுத்தமாகவே பிறந்த ஊர் அன்று. 1968 இல் அங்கே தூய்மை இயக்கம் தொடங்கினார்கள். குப்பையும் கழிவும் நிறைந்திருந்த சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மை செய்ய 1977 முதல் 1987 வரை பத்து ஆண்டுகள் ஆயின. பத்து ஆண்டு உழைப்பின் பயனை மட்டும் பார்த்துவிட்டு வந்து, நம் கொளவாய் ஏரிக் கரையில் நின்று முகம் சுளிப்பது எவ்வகையில் நியாயம்? தண்ணீர் விஷயமும் அப்படியே. சிங்கப்பூர் 1962 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அண்டை நாடான மலேசியாவின் ஜொகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறது. போதாமையால் கழிவு நீரைச் சுத்திகரித்தும், கடல்நீரைக் குடிநீராக்கியும் பயன்படுத்துகிறது. நம் மாமல்லபுரத்துக்கு வரும் வழியில் நெம்மேலியிலும் 2013 முதல் கடல்நீர் குடிநீராகிச் சென்னைக்குச் செல்கிறதே, அதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் கூறியிருக்கிறோம்? வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது நாம் கண்ணாடிக்கு வெளியே பார்ப்பதேயில்லை.

இன்னொன்றும் கூற வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சி மொழிகளுள் ஒன்று. பணத்தாளில் தமிழ் எழுத்து உண்டு. 1935 இல் தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழ் இன்றும் வெளிவருகிறது. அங்கே தமிழ் வாழ அத்தனை பேர் பாடுபடும்போது, இங்கே விடுமுறைக்கு வந்து, ஆயாவுக்குப் புரியாத ஆங்கிலத்தில் பேசினால் அது பெருமை ஆகாது. நான் அங்கே வகுப்பில் தமிழ் படித்தவள். ஆயினும் வாடை, கொண்டல், கச்சான் என்று ஆயா காற்றுக்குச் சொல்லும் பெயர்கள் எனக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. முற்றத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கிடைத்தன.

இனி வீட்டில் இருப்பவர்கள் பக்கம் வருகிறேன். தவறு வருபவர்மேல் மட்டும் இல்லை. நான் இப்பள்ளியில் சேர்ந்த புதிதில் தோழியர் சிலர் என் பெயரை விட்டுவிட்டு 'சிங்கப்பூர்க்காரி' என்றே அழைத்தார்கள். "உங்க அப்பாவுக்கு என்ன சம்பளம்?" என்றும், "இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்றும் கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். ஆனாலும் நான் வகுப்பில் பல வாரம் விருந்தாளியாகவே இருந்தேன். வகுப்பறையைப் பெருக்கும் முறை எனக்கும் வந்தபோதுதான், அருட்சகோதரி ஒருவர் என் கையில் துடைப்பத்தைக் கொடுத்தபோதுதான், 'நானும் இவர்களில் ஒருத்தி' என்ற எண்ணம் வந்தது. வெளிநாட்டு உறவினர் வந்தால் கோடாலித் தைலமும் மிட்டாயும் எங்கே என்று பெட்டியைப் பார்க்கும் நம் வழக்கத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். பெட்டியைப் பார்ப்பவர்களுக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. அதேபோல, கடன் வாங்கி மெத்தையும் மின்விசிறியும் வாங்கி வைப்பதும் வேண்டாம். நாம் வாழும் வாழ்க்கையில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

கடந்த ஆண்டு, 2024 டிசம்பரில், என் சித்தப்பா குடும்பத்தார் சிங்கப்பூரிலிருந்து வந்தார்கள். சித்தப்பா மகளுக்கு ஒன்பது வயது. ஆயா வழக்கம்போல முந்தின நாளே கருவாட்டை எடுத்து மூட்டை கட்டத் தொடங்கினார். நான் தடுத்தேன். "இருக்கட்டும் ஆயா, அவளும் பார்க்கட்டும்" என்றேன். அவள் வந்தாள். என்னைப் போலவே மூக்கைப் பொத்தினாள். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் ஏழு வயதில் இதே முற்றத்தில் நின்ற என்னை நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பிக் கரைக்கு அழைத்துப் போனேன். படகுகள் வந்து சேர்ந்ததைப் பார்த்தாள். ஆயா மீன் வாங்கினார். நானும் அவளும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். ஆயா உப்புப் போட, நாங்கள் வலையின்மேல் பரப்பினோம். மழை விட்டிருந்த வாரம் அது. காக்கை விரட்டும் வேலை அவளுக்கு. முதல் நாள் ஒரு கையால் மூக்கையும் மறு கையால் குச்சியையும் பிடித்திருந்தாள். மூன்றாம் நாள் காலை எழுந்ததும் வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்து, "ஆயா, இன்னைக்கு வெயில் போதுமா?" என்று கேட்டாள்.

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. வானத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பவள் விருந்தாளி அல்லள், வீட்டுப் பிள்ளை.

அன்புத் தோழியரே! இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக்கும் துபாயிலிருந்தோ, கோலாலம்பூரிலிருந்தோ, சிங்கப்பூரிலிருந்தோ யாரேனும் வரலாம். அவர்களுக்கு நல்ல உணவு கொடுங்கள். கூடவே ஒரு வேலையும் கொடுங்கள். பெரியோர்களே! பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுங்கள். கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் தாத்தா பாட்டியின் அருகில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். கற்கோயில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. நாம் அடுத்த முறை வரும்வரை நிற்கும். தாத்தா நிற்கமாட்டார்.

இதைப் படிக்கும் யாரேனும் ஒருவர், இந்த விடுமுறையில் 'நாளைக்கு' என்று கூறாமல் 'இதோ வருகிறேன்' என்று எழுந்து நடந்தால், நான் எழுதியது வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.